வரிக்கு எத்தனை எழுத்து? – கணினிப் பாடம்



இந்த இதழில் அட்டவணை போடுவது எப்படி என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. அட்டவணை அடுத்த இதழுக்குப் போகட்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழுவுக்குக் கடன் வாங்க ஒரு தீர்மானம் போட வேண்டியிருந்தது. கணினியில் தட்டச்சு செய்தது நான்தான். ஒரே தாளில் முடித்துவிட வேண்டும் என்ற நினைப்பில் ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, எழுத்தை 10 புள்ளிக்குக் குறைத்து, ஓரத்தில் அரை அங்குலம் மட்டும் விட்டு அச்சு எடுத்தேன். பார்க்க ரொம்ப நேர்த்தியாகத்தான் இருந்தது. பத்து நிபந்தனைகளும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன.

எங்கள் குழுவில் தீர்மானத்தைச் சத்தம் போட்டுப் படிப்பவர் ஒரு மூத்த அக்கா. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவர். "நான் படிச்ச பிறகுதான் எல்லாரும் கையெழுத்துப் போடணும்" என்பது அவர் வைத்த சட்டம். அன்றைக்கும் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். எல்லோரும் தலையாட்டினோம். பேனா கைமாறத் தொடங்கிவிட்டது.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதிநிதி, "அக்கா, நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார்.

உண்மைதான். நாலாவது வரி முடிந்ததும் அக்காவின் கண் ஐந்தாவது வரிக்குப் போகாமல் ஆறாவது வரிக்குப் போய்விட்டது. இரண்டு வரியும் "உறுப்பினர்கள்" என்ற ஒரே சொல்லில் தொடங்கியதும் ஒரு காரணம். வாக்கியமும் தடங்கல் இல்லாமல் ஓடியதால் கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விட்டுப்போன வரி என்ன தெரியுமா? உறுப்பினர்களில் ஒருவர் தவணை தவறினால், குழுவின் மொத்தச் சேமிப்பிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம் என்ற வரி.

அந்த வரியைப் படித்துக் காட்டியதும் கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டது. "அவ கட்டலைன்னா என் சீட்டுப் பணத்தை ஏன் தொடணும்?" என்று ஒருவர் கேட்டார். கடைசியில் நிபந்தனையை மாற்றி, முதலில் தவறியவரின் சொந்தச் சேமிப்பு, பிறகு குழு கூடி முடிவு என்று எழுதினோம். யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் பழைய வரிக்குக் கீழேதான் பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருப்போம்.

நான் அக்காவிடம், "கண்ணாடி மாத்தணுமாக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "பாப்பா, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் வரிதான் ரொம்ப நீளமா இருக்கு."

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இடைவெளியையும் சேர்த்து ஒரு வரியில் தொண்ணூறு எழுத்துக்கு மேல் இருந்தது.

நீளமான வரியில் என்னதான் கெடுதல்? நாம் படிக்கும்போது கண் ஒரே சீராக நகர்வதில்லை. சொல்லுக்குச் சொல் தாவித் தாவிப் போகிறது. வரி முடிந்ததும் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு ஒரு பெரிய தாவல். வரி நீளமாக இருந்தால் இந்தத் தாவலும் நீளம். வரிகள் நெருக்கமாகவும் இருந்துவிட்டால், கண் போய் இறங்கும் இடம் ஒரு வரி மேலோ கீழோ தவறிவிடும். மேலே போனால் படித்ததையே திரும்பப் படிக்கிறோம் என்று தெரிந்துவிடும். கீழே போனால் தெரியாது. நன்றாகப் படித்தவர்களுக்கும் இது நடக்கும். வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர்களுக்கு அடிக்கடி நடக்கும். அதுவும் சத்தம் போட்டுப் படிக்கும்போது, கூட்டத்தின் பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதே பாடு.

ஆங்கிலப் புத்தகம் அச்சிடுபவர்கள் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை வைப்பது நல்லது என்பார்கள். கனடா நாட்டு அச்சுக்கலை அறிஞர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 66 எழுத்தை மிகப் பொருத்தமான அளவாகச் சொல்கிறார். படிக்கச் சிரமப்படுவோருக்காக 2008-ல் வெளியான உலகளாவிய இணைய வழிகாட்டி நெறிகளில், மேல்நிலைத் தரத்துக்கு உரிய ஒரு விதி, வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துக்கு மட்டும் அதில் பாதி, 40. தமிழுக்குத் தனியாக எண் எதுவும் சொல்லப்படவில்லை.

நம் எழுத்து ஆங்கில எழுத்தைவிட அகலம். சொற்களும் ஒட்டிக்கொண்டு நீளமாக வரும். அதனால் நான் வெவ்வேறு அளவில் அச்சு எடுத்து எங்கள் குழுவிலேயே படிக்கச் சொல்லிப் பார்த்தேன். முழுப் பக்கத் தீர்மானத்துக்கு வரிக்கு 35 முதல் 40 எழுத்து, இரண்டு பத்தியாக அடிக்கும் செய்திமடலுக்கு 20 எழுத்து அளவில் இருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இது யாரும் போட்ட விதி இல்லை. உங்கள் ஊரில் வேறு அளவு சரிப்பட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை எப்படி எண்ணுவது?

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. "கூட்டமைப்பு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கூ, ட், ட, மை, ப், பு என்று ஆறு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கணினியைக் கேட்டால் பதினொன்று என்று சொல்லும். ஒருங்குறியில் "கூ" என்பது கணினிக்கு ஒரு எழுத்து இல்லை. "க" ஒன்று, பக்கத்தில் போடும் ஊகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் அதற்குத் தனி எழுத்துதான். ஆகவே வேர்டில் "வேர்ட் கவுன்ட்" பார்த்து, "அய்யோ, எழுத்து அதிகமாயிடுச்சே" என்று பயப்பட வேண்டாம். அது குறிகளையும் சேர்த்து எண்ணியிருக்கும். படிப்பவருக்கு முக்கியம் கண்ணுக்குத் தெரியும் எழுத்து மட்டும்தான்.

புலவர்களிடம் கேட்டால் மூன்றாவது கணக்கு ஒன்று வரும். வரிக்கு இத்தனை எழுத்து என்று அளவு வைப்பது நமக்குப் புதிதே இல்லை. தொல்காப்பியத்தில் செய்யுளியல் என்ற பகுதியில், 4 முதல் 6 எழுத்து வரை வந்தால் குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி என்று தொடங்கி, 20 எழுத்து வரை அடிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் வெள்ளிக்கிழமையில் படிக்கும் அபிராமி அந்தாதி கட்டளைக் கலித்துறையில் அமைந்தது. அதில் ஓர் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. புள்ளி வைத்த எழுத்துகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அப்படி எண்ணினால் "கூட்டமைப்பு" வெறும் நாலு எழுத்து! புலவருக்கு நாலு, நமக்கு ஆறு, கணினிக்குப் பதினொன்று. எழுத்து எத்தனை என்று யாராவது கேட்டால், யார் கணக்குப்படி என்று திருப்பிக் கேளுங்கள்.

கணினியின் கணக்கு நம் கையைக் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. அது குறுஞ்செய்தி. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு உள்ள இடம் 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும். ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் பொதுவாக 70-தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும், துண்டுக்கு 67 எழுத்து. "நாளை காலை 10 மணிக்கு கூட்டம்" என்பது நம் கணக்கில் இடைவெளியோடு 18, செல்போன் கணக்கில் 28. அதனால் நாளும் நேரமும் இடமும் முதலில் வரட்டும். வணக்கம், நலம் எல்லாம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, கணினியில் வரியை எப்படிக் குறுக்குவது?

முதலில், செய்யக் கூடாததைச் சொல்கிறேன். நம்மில் சிலர் டைப் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள். தட்டச்சுப் பொறியில் வரி முடியப் போகும்போது 'டிங்' என்று மணி அடிக்கும். இன்னும் சில எழுத்துக்குத்தான் இடம் என்று அர்த்தம். அந்தச் சொல்லை முடித்துவிட்டு கேரேஜைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவோம். பெரிய எழுத்துப் பொறியில் ஓர் அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்து. ஏ4 தாளில் இரு பக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டால் வரிக்கு 62 எழுத்து என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் கணினியிலும் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் சாவியைத் தட்டுகிறோம். இது வேண்டவே வேண்டாம்.

ஏன் என்றால், கணினிக்கு என்டர் என்பது பத்தி முடிந்தது என்ற சேதி. இன்றைக்கு 12 புள்ளியில் அழகாக நிற்கும் வரிகள், நாளைக்கு எழுத்தை 14 ஆக்கினால் உடைந்து, ஒரு வரி நீளம், அடுத்த வரியில் ஒற்றைச் சொல், மறுபடி நீளம் என்று தோரணம் மாதிரி தொங்கும். அதைச் சரிசெய்ய ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவள் நான். என்டரை பத்தி முடியும்போது மட்டும் தட்டுங்கள். முகவரி, பாட்டு மாதிரி பத்திக்குள்ளேயே வரி மாற்ற வேண்டியிருந்தால் ஷிப்டை அழுத்திக்கொண்டு என்டர்.

ஏற்கனவே என்டர் தட்டிக் கெடுத்து வைத்த கோப்பு இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட்டிருக்க வேண்டும். முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்டில் 'பைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பெட்டியைத் திறங்கள். அதில் பத்தி முடிவைக் குறிக்க 6-ஆம் எண் சாவியின் மேல் இருக்கும் கூரைக் குறியும், பக்கத்தில் சின்ன ஆங்கில 'பி' எழுத்தும் போட வேண்டும். அந்தக் குறி இரண்டு முறை அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் முதலில் ### என்று மாற்றுங்கள். பிறகு தனியாக நிற்கும் குறிகளை ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியில் ### உள்ள இடத்தில் மறுபடியும் பத்திக் குறியைப் போடுங்கள். மூன்றே தடவையில் வேலை முடிந்துவிடும்.

வரியின் நீளத்தைக் குறைக்கச் சரியான இடம் ஓரம்தான். வேர்டில் 'லேஅவுட்' என்ற பகுதியில் 'மார்ஜின்ஸ்' இருக்கும். தாளை நிமிர்ந்த வாட்டில் வைத்து, இடது வலது இரண்டுக்கும் ஒன்றேகால் அங்குலம் கொடுங்கள். எழுத்து 14 புள்ளி. நான் பயன்படுத்தும் எழுத்துருவில் வரிக்கு ஏறக்குறைய 36 எழுத்து வருகிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், அதனால் நாலு வரி அடித்து எண்ணிப் பாருங்கள். வரிகளுக்கு நடுவே 'லைன் ஸ்பேசிங்' ஒன்றரை வையுங்கள். செய்திமடலுக்கு அதே லேஅவுட்டில் 'காலம்ஸ்' என்பதில் இரண்டு. நோட்பேடில் அடிப்பவர்களுக்கு 'வேர்ட் ரேப்' என்று ஒன்று உண்டு. அது திரையில் மட்டும்தான் வரியை மடித்துக் காட்டும், கோப்பில் எதையும் மாற்றாது.

"வரிக்குச் சரியாக 36 எழுத்து என்றே கணினிக்குச் சொல்லிவிட முடியாதா?" என்று பக்கத்துக் குழுக் கணக்காளர் கேட்டார். வேர்டிலும் லிப்ரே ஆபீசிலும் அப்படி ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கிழக்காசிய மொழிகளை இயக்கி வைத்தால்தான் அது கண்ணில் படும். சீன எழுத்துகள் எல்லாம் ஒரே அளவுக் கட்டத்துக்குள் அடங்கும், அதனால் அவர்களுக்கு எண்ணிக்கை ஒத்துவரும். நம் "ர" ஒல்லி, "ணை" குண்டு. தமிழுக்கு எழுத்தின் எண்ணிக்கையைக் கட்டிப்போட முடியாது, வரியின் அகலத்தைத்தான் கட்டலாம்.

இன்னும் இரண்டு விஷயம். இரண்டு பக்கமும் ஓரம் சமமாக நிற்க வேண்டும் என்று 'ஜஸ்டிஃபை' போடுகிறோம். குறுகிய பத்தியில் நம் நீளச் சொற்கள் அடங்காமல் நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் சீராக இருந்தால் போதும். அடுத்தது பணம். "ரூ. 50" என்பது ஒரு வரியிலும் "ஆயிரம்" அடுத்த வரியிலும் விழுந்தால் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடைவெளிச் சாவியைத் தட்டுங்கள். அந்த இடைவெளியில் வரி உடையாது.

நாம் வைக்கும் அளவு ஒரு பக்கம் இருக்க, இயந்திரம் வைக்கும் அளவு ஒன்று இருக்கிறது. 1928-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 வரிசைகள் இருந்தன. பின்னால் வந்த கணினித் திரைகளும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளும் பெரும்பாலும் அந்த 80-ஐயே பிடித்துக்கொண்டன. அந்த 80-க்குள் தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு என்று பங்கு போட்டால் பெயருக்கு எவ்வளவு மிஞ்சும்? எங்கள் உறுப்பினர் ஒருவருடைய பாஸ்புத்தகத்தில் அவர் பெயரின் கடைசி நாலு ஆங்கில எழுத்து விழவே இல்லை. கட்டத்தில் இடம் இல்லையாம். காப்பீட்டுப் பணம் வாங்கப் போனபோது, பாலிசியில் முழுப் பெயர், பாஸ்புத்தகத்தில் அரைப் பெயர், இரண்டும் ஒரே ஆள்தானா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை அலைந்தார். கட்டம் போட்ட படிவம் கைக்கு வந்தால், எழுதுவதற்கு முன்னால் கட்டங்களை எண்ணிவிடுங்கள். பெயர் அடங்காது என்றால் எப்படிச் சுருக்குவது என்று அங்கேயே கேட்டு, எல்லாப் படிவத்திலும் அதே மாதிரி எழுதுங்கள். அச்சாகி வந்ததும் பெயர் முழுதாக இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.

வரியைக் குறுக்கியதும் எங்கள் குழுவில் இரண்டு ஆட்சேபம் வந்தது. ஒன்று, ஒரு தாளில் முடிந்தது இப்போது இரண்டு தாள் ஆகிறதே என்பது. ஆகத்தான் செய்கிறது. கடன் தீர்மானத்தில் தாளை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. ஓரத்தில் இவ்வளவு இடம் விட்டால் பின்னால் யாராவது ஏதாவது எழுதிச் சேர்த்துவிட மாட்டார்களா? அதற்காக ஒவ்வொரு தாளின் கீழும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போடுகிறோம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் தருகிறோம். நிபந்தனை முடியும் வரியில் மிச்சம் இருக்கும் இடத்தைப் பேனாவால் கோடு இழுத்து அடைக்கிறோம். தீர்மான நோட்டில் கையால் எழுதும் குழுக்களும் இதையே செய்யலாம்.

புதிதாக அச்சு எடுத்த தீர்மானத்தை அதே அக்காதான் படித்தார். இந்தத் தடவை வரிகளுக்கு இடப்பக்கம் 1, 2, 3 என்று எண்ணும் போட்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு, "இருபத்தி ரெண்டாவது வரியில 'தவனை'ன்னு அடிச்சிருக்கே, மூணு சுழி போடு" என்றார். திருத்திக் கொண்டுவந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி: உங்கள் குழுவின் கடைசித் தீர்மானத்தை எடுத்து, நடுவில் இருக்கும் ஏதாவது ஐந்து வரிகளில் எழுத்தை எண்ணுங்கள். 40-க்கு மேல் இருந்தால் ஓரத்தை மாற்றி மறுபடி அச்சு எடுங்கள். இரண்டு தாளையும் குழுவில் மெதுவாகப் படிக்கும் ஒரு சகோதரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எந்த வரியில் நின்றார், எங்கே வரி மாறினார் என்று பென்சிலால் குறியுங்கள். கணக்காளர்கள் இரண்டு தாளையும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.